பவல் துரையை எழப்பண்ணிய கதை

நான் பொய் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்துநாலு வருஷம் அதே தொழிற்சாலையில் குப்பை கொட்டிவிட்டு, சால்வை போர்த்திக்கொண்டு வீட்டுக்கும் வந்தாகிவிட்டது. இனிமேல் யாரும் என்னை வேலையைவிட்டுத் துரத்த முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். (அந்தத் தைரியமும் முழுசாக இல்லை. எழுத உட்காருவதற்கு முன் பி.எஃப். காகிதங்களை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.)

என் பெயர் வீரராகவன். திருவள்ளூர்ப் பெருமாளின் பெயரே அதுதான் என்பதால், அங்கே ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஏதாவது ஒரு வீரராகவன் மேல்தான் விழும். அவர்களிலேயே பயந்தாங்கொள்ளி யார் என்று போட்டி வைத்தால் நான்தான் முதலில் வருவேன். நாய் என்றால் பயம், இடி என்றால் பயம், ஆங்கிலம் பேசுகிறவர்கள் என்றால் இரண்டையும் சேர்த்த பயம். எனக்குத் தெரிந்த ஒரே காரியம் தோள் கொடுப்பது. எங்கள் குடும்பம் பெருமாள் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கிகள். அதாவது புறப்பாட்டின்போது பெருமாளின் பல்லக்கையும் வாகனங்களையும் சுமக்கிறவர்கள். 'சுமக்கிறோம்', 'தூக்குகிறோம்' என்றெல்லாம் எங்கள் வீட்டில் சொன்னால் முதுகில் ஒன்று விழும். 'எழப்பண்ணுகிறோம்', பேச்சில் 'ஏளப்பண்றோம்', என்றுதான் சொல்ல வேண்டும். எழுந்தருளச் செய்கிறோம் என்று அர்த்தம்.

பதினாறு வயதிலிருந்து நானும் என் சித்தப்பா பிள்ளை வரதனும் ஜோடியாக முன் தண்டுக்குத் தோள் கொடுத்து வந்தோம். அதற்குச் சட்டம் இரண்டுதான். பக்கத்துத் தோளில் பாரம் சரிகிறது என்று தெரிந்தால், என்ன ஏது என்று பார்க்காமல் நீ நிமிர்ந்துவிட வேண்டும். பெருமாள் ஒரு பக்கம் சாயக்கூடாது. எழப்பண்ணியாகிவிட்டால் வழியில் எங்கேயும் தரையில் வைக்கக்கூடாது. மழை கொட்டினாலும், காலில் நெருஞ்சி முள் ஏறினாலும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இப்படி நடந்து நடந்து எங்கள் இரண்டு பேர் தோளிலும் எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்ப்பு ஏறியிருந்தது. மற்றபடி கோயிலில் எங்களுக்குக் கிடைத்தது பிரசாதமும் மரியாதையும். மரியாதையை உலையில் போட முடியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டியில் சவுக்குத் தோப்புகளை வெட்டி, கம்பி வேலி போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் கிளம்பிக்கொண்டிருந்தன. இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் வரதனும் இரண்டு பஸ் மாறிப் போனோம். புறப்படும்போது எதிர்வீட்டு மாமா, வாழ்நாள் முழுக்க வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், வாசலில் நிறுத்தி ஓர் உபதேசம் செய்தார்.

"தொர எது கேட்டாலும் எஸ் சார்னு சொல்லிடு. நோ சொன்னா அவாளுக்கு ஆகவே ஆகாது."

துரையின் பெயர் பவல். யந்திரங்களை நிறுவி ஓட்டிக் காட்டுவதற்காக வெளிநாட்டிலிருந்து வந்து, மேனேஜராகவே தங்கிவிட்டவர். நான் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தபோது அவர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அவருக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது. மூக்கு இடது பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு காதுகளும் யாரோ பிசைந்து வைத்துவிட்டுப் போன மாவு மாதிரி இருந்தன. பின்னால் சுவரில் ஒரு புகைப்படம். சிவப்புச் சட்டை போட்ட பதினைந்து தடியர்கள் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்தவரின் மடியில் ஒரு பந்து. அதுவும் உருண்டையாக இல்லை.

"இது என்ன ஆட்டம் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எஸ் சார்."

"ஆடியிருக்கிறாயா?"

"எஸ் சார்."

துரை எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். காய்ப்பு தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தார். நான் கண்ணைத் திறந்தபோது அவர் முகம் குழந்தை முகமாகியிருந்தது.

"முன்வரிசைக்காரன்! இந்த ஊரில் ஒரு முன்வரிசைக்காரன்!" என்று கொட்டகை அதிரக் கத்தினார். வெளியே உட்கார்ந்திருந்த வரதனையும் இழுத்து வந்து தோளை அழுத்திப் பார்த்தார். அவனுக்கும் வேலை கிடைத்துவிட்டது. (வரதன் பொய்கூடச் சொல்லவில்லை. அவனுக்கு அன்றைக்கு வாயே திறக்கவில்லை.)

ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்ததும் துரை கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். அந்தக் கையெழுத்தில் என் தங்கை ரஞ்சனியின் கல்யாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. கடம்பத்தூரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போன பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள்தான். "பொண்ணோட அண்ணாவுக்கு உத்தியோகம் நிரந்தரமாகட்டும், அப்புறம் நாள் பார்த்துடலாம்" என்று சொல்லியிருந்தார்கள். ரஞ்சனிக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் நான் ஊருக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வந்து நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

துரைக்கு ஒரு வழக்கம். மத்தியானம் சாப்பிடும்போது என்னைக் கூப்பிட்டு எதிரில் நிற்க வைத்துத் தன் ரக்பி வாழ்க்கையைச் சொல்வார். (சுவரில் மாட்டியிருந்த அந்த ஆட்டத்தின் பெயர் அதுதான்.) அவருடைய தேசம் வேல்ஸ். (முதல் நாள் நான் 'இங்கிலாந்து' என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்த சிவப்பைப் பார்த்து, அதற்கப்புறம் அந்த வார்த்தையையே வாயில் எடுக்கவில்லை.) நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்து, பதினைந்து வயதில் அப்பாவோடு சுரங்கத்துக்குள் இறங்கியவர். இருபத்திரண்டு வயதில் தேசத்துக்காக ஆடத் தேர்வானார். மொத்தம் ஒன்பது ஆட்டம். அந்த ஒன்பதையும் அவர் உடம்பிலேயே பார்க்கலாம். முதல் ஆட்டத்தில் ஒரு பிரெஞ்சுக்காரன் இடது காதைக் கடித்துவிட்டான். மூன்றாவதில், ஸ்காட்லாந்துப் பனியில், மூக்கு திரும்பியது. ஐந்தாவதில் முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. புல்லில் தேடியதில் மூன்று பல் கிடைத்ததாம், மூன்றும் வேறு யாருடையதோவாம். ஒன்பதாவதில் கழுத்து. முன்வரிசைக்காரர்கள் ஆளை ஆள் கட்டிக்கொண்டு, இரண்டு கட்சியும் தோளால் முட்டித் தள்ளும்போது மொத்தக் கூட்டமும் அவர்மேல் சரிந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது. இன்னொரு தடவை கழுத்தில் அடிபட்டால் எழுந்து நடக்கமாட்டாய் என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு வயது இருபத்தெட்டு.

இதையெல்லாம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சிரித்தபடி சொல்வார். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து, "உனக்குத்தான் தெரியுமே" என்பார்.

"எஸ் சார்" என்பேன். எனக்கு என் காது, மூக்கு, பல் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

ஐந்தாவது மாதம் நான் பயந்தது நடந்தது. தொழிற்சாலையின் முதல் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு ரக்பிக் குழுவை அழைத்திருப்பதாகத் துரை அறிவித்தார். எங்கள் தொழிலாளிகளிலிருந்து பதினைந்து பேர் கொண்ட அணி. நாலு வாரம் பயிற்சி. தலைவர் ஃபோர்மேன் முனிரத்தினம். இவர் ஆந்திர எல்லையோரத்துக்காரர், யாருக்கும் பயப்படாத மனிதர். முதல் நாள் பந்தைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, கோயி முட்ட மாதிரி கீது? முன்னாடி ஓடணுமாம், ஆனா பந்த பின்னாடிதான் போடணுமாம். துட்டு குடுத்து பேஜாரு வாங்கிக்கினாரு நம்ம தொர!"

மற்றவர்களெல்லாம் கற்றுக்கொண்டார்கள். நானும் வரதனும் 'அனுபவஸ்தர்கள்' என்பதால் எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஒரு மரச் சட்டத்தில் குழாய்களை ஏற்றி, தோளால் முட்டித் தள்ளச் சொன்னார் துரை. கருட சேவையில் தோள் கொடுத்தவர்களுக்கு அது ஒரு பாரமா? தள்ளிவிட்டோம். துரை கை தட்டினார். அவர் கை தட்டத் தட்ட எனக்குச் சோறு இறங்காமல் போனது. ஒரு ஆட்டத்தின் ஒரு சட்டம்கூடத் தெரியாமல், அந்த ஆட்டத்தில் புலி என்று பெயர் வாங்கிக்கொண்டு, நாள் எண்ணிக்கொண்டிருப்பதைப்போல ஒரு நரகம் கிடையாது.

வரதனுக்குப் பயம் வேறு தினுசு. "ராகவா, அது மாட்டுத் தோல்டா. அதைத் தொட்ட கையோட கோயிலுக்குப் போறதா?"

"நாம முன்வரிசைடா. பந்தைத் தொடவே வேண்டாம். முட்டித் தள்ளினாப் போறும்" என்று அவனைச் சமாதானப்படுத்தினேன். என்னைச் சமாதானப்படுத்த ஆள் இல்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் திருமதி பவல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற அம்மாள். கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் தேநீர் கொடுத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை காலை நான் சர்ச்சுக்குச் சென்னை போகிறேன். வர நேரமாகும். அவர் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். நீயும் பார்த்துக்கொள்வாய் அல்லவா?" என்றார்.

"எஸ் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. யந்திரங்களுக்கு மாலை போட்டுப் பூஜை முடிந்தது. பூஜைக்கு வந்திருந்த நாகஸ்வரக் கோஷ்டி, அடுத்து நடக்கப்போவது என்னவென்று பார்க்க மைதானத்தோரம் சவுக்கு நிழலில் உட்கார்ந்துகொண்டது. சென்னைக் குழு வேனில் வந்து இறங்கியது. இறங்க இறங்க வேன் உயர்ந்துகொண்டே போனது. என்னோடு முட்டப்போகிறவர் துறைமுகத்தில் வேலை செய்கிறவர் என்றார்கள். அவருடைய மீசையே என் கை கனம் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பதிலுக்குச் சிரிக்க முயன்றேன். உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் ஓடி வந்தார். "சார், ஏழுமலய காணோம் சார்! மாமியாருக்கு சீரியஸ்ஸுன்னு ஆரணிக்கு பூட்டானாம்!"

ஏழுமலை லேத் ஓட்டுகிறவன். முன்வரிசையில் எனக்கும் வரதனுக்கும் நடுவில், எங்கள் இரண்டு பேர் தோளிலும் கையைப் போட்டுத் தொங்கிக்கொண்டு, பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்க வேண்டியவன். (அவனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.) பவல் துரை சாலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி முனிரத்தினத்தின் மேல் பாக்கெட்டில் போட்டார். கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டார்.

"சார்... கழுத்து..." என்றேன்.

"மெதுவாகத்தான் ஆடுவேன்" என்றார். அவர் கண் பளபளத்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்த ஆசை அது. எனக்கு அதைத் தடுக்கத் தைரியம் வரவில்லை. அந்த அம்மாளுக்குக் கொடுத்த வார்த்தை நெஞ்சில் இடித்தது. ரஞ்சனியின் முகமும் கூடவே வந்து நின்றது. என் ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

முதல் பாதியை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடினேன். யாராவது பார்த்தால் குனிந்து காலில் முள் எடுத்தேன். ஆனால் முட்டித் தள்ளும் நேரம் வந்தால் ஒளிய முடியாது. மீசைக்காரரின் தலை என் காதோடு உரசும். அவருடைய மூச்சு என் கழுத்தில் படும். அவர் என் காதைக் கடிக்கப்போகிறார், இன்றைக்கே கடிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சுலோகங்களையெல்லாம் கலந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு அது நடந்தது. நாங்கள் மூவரும் குனிந்தோம். துரையின் ஒரு கை என் தோளில், மறு கை வரதன் தோளில். பின்னாலிருந்து எங்கள் ஆட்கள் நெருக்கினார்கள். எதிரிலிருந்து அவர்கள் நெருக்கினார்கள். பந்து உள்ளே வந்தது. துரை அதைப் பூட்ஸ் இரண்டுக்கும் நடுவில் கவ்விவிட்டார். அதே கணம் "ஆ!" என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். அவருடைய உடம்பு தளர்ந்தது. பாரம் என் தோளிலிருந்து வழுக்கிச் சரிந்தது.

அவ்வளவுதான். என் தோள் என்னைக் கேட்கவில்லை. நிமிர்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் வரதனும் நிமிர்ந்துவிட்டான். துரையின் தொடைக்கடியில் எங்கள் கைகள் தானாகப் போய்ச் சேர்ந்தன. இப்போது பவல் துரை எங்கள் இரண்டு தோளிலும் எழுந்தருளியிருந்தார். பந்து இன்னும் அவருடைய பூட்ஸுக்கு நடுவில் இருந்தது. முட்டுவதற்கு எதிரே ஆள் இல்லாமல் போனதில் மீசைக்காரர் அப்படியே முன்னால் போய் மண்ணில் மூக்கைக் குத்தினார்.

உடனே இறக்கியிருக்கலாம். இறக்கியிருக்க வேண்டும். ஆனால் எழப்பண்ணிய பிறகு தரையில் வைக்கிற வழக்கம் எங்கள் வம்சத்திலேயே இல்லையே! நடக்க ஆரம்பித்தோம். துரை மேலேயிருந்து என்னவோ கத்தினார். அவர் பாஷை அது; ஒரு எழுத்து புரியவில்லை. நடுவர் விசிலை ஊது ஊது என்று ஊதினார்.

"டேய், எறக்குங்கடா! அவர தூக்கிக்கினு எங்கடா போறீங்க?" என்று முனிரத்தினம் பின்னாலேயே ஓடி வந்தார்.

அவர் சொன்னது காதில் விழுந்தது. நின்றிருப்போம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சவுக்கு நிழலில் உட்கார்ந்திருந்த நாகஸ்வரக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். இரண்டு பேர் நடை பிசகாமல் எழப்பண்ணிக்கொண்டு வருகிறார்கள், மேலே ஒருவர் வீற்றிருக்கிறார், பின்னால் கூட்டம் வருகிறது. அவர் பழக்கம் அவரை விடுமா? எழுந்து நின்று புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை ஆரம்பித்துவிட்டார். தவில் சேர்ந்துகொண்டது. மல்லாரி காதில் விழுந்ததும் எங்களுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச புத்தியும் போய்விட்டது. மைதானத்தின் கோடியில் நட்டிருந்த கோல் கம்பங்களுக்கு நடுவில் புகுந்து, எல்லைக் கோட்டைத் தாண்டி, மைதானத்தைவிட்டே வெளியே வந்துவிட்டோம். கேண்டீன் மூலையில் பிரதட்சிணமாக வலது பக்கம் திரும்பினோம். திரும்பும்போது ஒரு துளி ஆடவில்லை. (நடுவர் சட்டப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்ததாகவும், இதற்கு என்ன சட்டம் என்று கடைசிவரை அவருக்கு அகப்படவில்லை என்றும் பிறகு சொன்னார்கள்.)

நடக்க நடக்கத்தான் பயம் முழுசாக வந்தது. கோயிலானால் வாசல் வரும், இறக்கலாம். இங்கே எங்கே இறக்குவது? இறக்கினால் துரை என்ன செய்வார்? இறக்காமல் எவ்வளவு தூரம் போவது? கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆந்திரா வந்துவிடும். பக்கவாட்டில் வரதனைப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டே நடந்துகொண்டிருந்தான்.

ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது எதிரே ஒரு கார் வந்து நின்றது. திருமதி பவல் இறங்கினார்.

வரதனுக்குக் கால் மடிந்துவிட்டது. நான் மட்டும் நிமிர்ந்து என்ன பிரயோஜனம்? துரை வரதன் பக்கமாகச் சரிந்து, தோட்டத்துக்குக் கொட்டி வைத்திருந்த செம்மண் குவியலில் தலைகுப்புற விழுந்தார். உருண்டு மல்லாந்தார். அசையவில்லை.

மேளம் நின்றது. தேசத்துக்காக ஒன்பது ஆட்டம் ஆடிய மனிதனை, பிரெஞ்சுக்காரனும் ஸ்காட்லாந்துக்காரனும் கொல்ல முடியாத மனிதனை, திருவள்ளூர் வீரராகவன் கொன்றுவிட்டேன். வேலை போகட்டும், கல்யாணம் போகட்டும், இந்த மனுஷன் ஒரு விரலை அசைத்துவிட்டால் போதும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

இந்த நேரத்தில் முனிரத்தினத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. துரைசானிக்கு முன்னால் ஏதோ மரியாதை காட்டிவிட்டால் விஷயம் மங்கிப் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, யந்திரத்துக்குப் போட்டிருந்த ரோஜா மாலையைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்து, மல்லாந்து கிடந்த துரையின் மார்பில் போட்டுவிட்டார். படுத்திருப்பவருக்கு எப்போது மாலை போடுவார்கள் என்பது அங்கே துரைசானியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். போட்ட பிறகு முனிரத்தினத்துக்கும் தெரிந்தது.

"ஐயய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

திருமதி பவல் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் கன்னத்தைத் தட்டினார். துரை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். யார் என்று பார்த்தார். உடனே மூடிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். உயிர் இருக்கிறது! அதோடு, என் முகத்தில் இருக்கும் அதே பயம் அவர் முகத்திலும் இருக்கிறது!

அம்மாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "உண்மையைச் சொல். இவர் ஆடினாரா?"

ஆடினார் என்றால் துரையைக் காட்டிக் கொடுத்தவன் ஆவேன். ஒன்பது நாளில் கையெழுத்து வராது. இல்லை என்றால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். என் நாக்கு தானாகக் கிடைத்த வழியில் ஓடியது.

"வழக்கம், மேடம். எங்க ஊர் வழக்கம். ஆண்டு விழாவுக்குப் பெரிய மனுஷரைத் தோள்ல எழப்பண்ணி, மேளத்தோட சுத்தி வரணும். நாங்க கோயில்ல பரம்பரையா அதைத்தான் செய்யறோம். இன்னிக்குக் கால் இடறிடுத்து. மன்னிக்கணும்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். சட்டையை விலக்கிக் காய்ப்பையும் காட்டினேன். நாகஸ்வரக்காரர் சாட்சிக்கு நின்றிருந்தார். மாலையும் இருந்தது.

அம்மாள் மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். "இங்கிலாந்தை ஜெயித்த அன்றைக்கு இவரை இப்படித்தான் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் கழுத்து போனது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தூக்கிப் போனவர்களில் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே செம்மண் குவியலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அவ்வளவு கேவலமாக இருந்தது.

கழுத்து உடையவில்லை. பிசகியிருந்தது. ஆறு வாரத்துக்குக் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. எட்டாவது நாள் துரை என்னை மட்டும் தன் அறைக்கு வரச் சொன்னார். தலையைத் திருப்ப முடியாததால் நாற்காலியோடு முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மேஜைமேல் என்னுடைய காகிதம் இருந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரக்பி என்பதை நான் பார்த்ததுகூடக் கிடையாது, காய்ப்பு பெருமாள் கொடுத்தது, வரதன் நிரபராதி, தங்கைக்குக் கல்யாணம், எதிர்வீட்டு மாமா சொன்ன உபதேசம், ஒன்று விடாமல்.

துரையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். விட்டதும் கழுத்து வலித்து "ஆ" என்றார். அவர் நம்பியிருந்த ஒரே முன்வரிசைக்காரன் நான். நிஜமாகவே மனசு நொந்துபோனார் என்று தெரிந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"என் மனைவியிடம் நீ சொன்னதை, என்றைக்காவது மாற்றிச் சொல்வாயா?"

"நோ சார்" என்றேன். அந்தத் தொழிற்சாலையில் நான் சொன்ன முதல் 'நோ' அதுதான்.

கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒன்று, வரதனுக்கு ஒன்று. என்னுடையதில் மட்டும் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'எந்த வகைப் பந்துக்கும் பக்கத்தில் இவனை விடக்கூடாது.' அந்தக் காகிதம் என் கோப்பில் முப்பத்துநாலு வருஷம் இருந்தது. புதிதாக வருகிற அதிகாரிகள் ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு என்னைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். ரஞ்சனி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே ஓடினாள். விஷயம் அதற்குள் அப்பா காதுக்கும் போயிருந்தது. கோயில் தோளில் வெள்ளைக்காரனை ஏற்றியதற்கு என்ன கிடைக்கப்போகிறதோ என்று நடுங்கிக்கொண்டு போய் நின்றேன். அப்பா என் தோளைப் பார்த்துவிட்டு, "அமாவாசைக்கு ரெண்டு பேரும் குளத்துல முழுகிட்டு வந்துடுங்கோ" என்றார். திரும்பிப் போனவர் நின்றார். "திரும்பறச்சே ஆடாம ஏளப்பண்ணினேளா?" என்று கேட்டார்.

"ஆடலை அப்பா."

"ம்" என்றார். அவர் அதற்குமேல் பாராட்டி நான் பார்த்ததில்லை.

திருமதி பவல் அடுத்த ஆண்டு விழாவுக்குக் கேமராவோடு வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழி? மறுபடியும் எழப்பண்ணினோம். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த 'வழக்கம்' நிற்கவில்லை. புதிதாக வந்த மேனேஜர்கள், போன மேனேஜரைத் தூக்கினீர்களாமே என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் நூற்றுப்பத்து கிலோ. ஒரு பொய்க்கு இத்தனை கிலோ சுமந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

ரஞ்சனியின் கல்யாணம் அந்தத் தை மாதமே நடந்தது. அவளுடைய பெண்ணின் கல்யாணமும் நடந்தாகிவிட்டது. மாலை மாற்றும் சடங்கில் பெண்ணைத் தாய்மாமன்தான் தோளில் தூக்க வேண்டும். அந்த உரிமை எனக்கு. அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு மணப்பந்தலுக்கு முன்னால் போய் நின்றேன். நாகஸ்வரக்காரர் குழலை வாயில் வைத்தார். ரஞ்சனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, எங்க அண்ணா எறக்கி விடறவரைக்கும் நீங்க வாசிக்கவே கூடாது!"

மணப்பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நான் நடந்தே வந்துடறேன்" என்றாள்.